ஹைளு நாட்களும் அடுப்படியும்: ரமழானில் பெண்களின் இபாதத் (விவாத இழை)

பிறைத்தேடி

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். ரமழான் பிறந்தால் பெண்கள் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இரண்டு. கடைசிப் பத்தில் ஹைளு (மாதவிடாய்) வந்துவிட்டால் லைலத்துல் கத்ர் (கண்ணியமிக்க இரவு) போய்விடுமா? அஸரிலிருந்து (பிற்பகல் தொழுகை) மஃரிபு (நோன்பு திறக்கும் அந்தி நேரம்) வரை அடுப்படியிலேயே கழிகிறதே, துஆவுக்கு (பிரார்த்தனைக்கு) நேரம் எங்கே?

ஆறுதல் வார்த்தை மட்டும் வேண்டாம். செய்ய முடிந்ததைச் சொல்லுங்கள். எந்த மத்ஹபின்படி (மார்க்கச் சட்ட வழியின்படி) சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு உம்மா வீட்டில் கேட்டது ஒன்று, மாமி வீட்டில் சொல்வது வேறொன்று. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உஸ்தாதா

வஅலைக்குமுஸ்ஸலாம். முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஹைளு வந்த பெண்ணுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை. ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் குர்ஆன் ஓதுவதும் இல்லை. இரவு இபாதத்தில் முக்கியத் தடை இவைதான். துஆ, திக்ர் (இறை நினைவு), ஸலவாத் (நபி மீதான வாழ்த்து), இஸ்திஃபார் (பாவமன்னிப்புக் கேட்பது), ஸதகா (தர்மம்), நோன்பாளிக்கு உணவு கொடுப்பது, குர்ஆன் ஓதுவதைக் காதால் கேட்பது எல்லாம் திறந்தே இருக்கின்றன. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறை அறிஞரான ளஹ்ஹாக்கிடம் இதையே கேட்டிருக்கிறார்கள்: ஹைளுக்காரி, பிள்ளை பெற்றவள், பயணி, தூங்கியவர் ஆகியோருக்கு லைலத்துல் கத்ரில் பங்கு உண்டா? உண்டு, யாருடைய அமலை (நற்செயலை) அல்லாஹ் ஏற்றுக்கொண்டானோ அவர்கள் எல்லோருக்கும் அதிலிருந்து பங்கு கொடுப்பான் என்றார் அவர்.

ஹஜ்ஜுப் பயணத்தில் ஹைளு வந்து அழுத தம் மனைவி ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹாவிடம், "இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று" என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னார்கள். கஃபாவைச் சுற்றும் தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, விலக்கப்பட்டது ஒன்று, அனுமதிக்கப்பட்டது மற்ற அத்தனையும். நம் ஊர்ப் பேச்சில் "தீட்டு" என்ற சொல் புகுந்து இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஆயிஷா நாயகி ஹைளோடு இருக்கும்போது அவர்கள் மடியில் சாய்ந்தபடி நபியவர்கள் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். பள்ளிவாசலிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்னபோது, ஹைளாயிற்றே என்று ஆயிஷா நாயகி தயங்கினார்கள். "உன் ஹைளு உன் கையில் இல்லை" என்று பதில் வந்தது, கைக்கு அசுத்தம் இல்லை என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. "தொழ முடியவில்லை" என்று நினைப்பதற்குப் பதில், "தொழ வேண்டாம் என்ற அல்லாஹ்வின் கட்டளைக்குப் பணிந்து விடுகிறேன்" என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிய்யத்தோடு (எண்ணத்தோடு) விட்டால் விடுவதற்கும் கூலி உண்டு என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது.

ஹனஃபி வீடு

உஸ்தாதா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹனஃபி மத்ஹபில், ஹைளுக்காரப் பெண் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் உளூ (தொழுகைக்கான கழுவல்) செய்து, வீட்டில் வழக்கமாகத் தொழும் இடத்தில், தொழுகைக்கு எடுக்கும் நேர அளவு உட்கார்ந்து தஸ்பீஹ் (இறை துதி) சொல்வது முஸ்தஹப் (விரும்பத்தக்கது). பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான் இது. ஏழு நாள் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) மடித்து வைத்தால் எட்டாம் நாள் எழுந்திருக்கக் கால் வராது.

உஸ்தாதா

அது ஹனஃபிக்குச் சரி. ஷாஃபிஈ சகோதரிகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைளு ஓடிக்கொண்டிருக்கும்போது தொடக்கு (தொழத் தடையான தூய்மையின்மை) நீங்கும் நிய்யத்தோடு உளூவோ குளிப்போ செய்வது ஷாஃபிஈயில் கூடாது. சுத்தத்துக்காகக் கை, கால், முகம் கழுவலாம், குளிக்கலாம், நல்ல உடை உடுத்தலாம். அதே இடத்தில் உட்கார்ந்து திக்ரு செய்யவும் தடையில்லை.

பிறைத்தேடி

கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவில் ஹைளோடு இருக்கும் பெண் என்னதான் செய்வாள்? மணிக்கணக்கில் சொல்லுங்கள். "திக்ரு செய்யுங்கள்" என்றால் பத்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும்.

உஸ்தாதா

தூக்கம் வருவதற்குக் காரணம், ஒன்றையே நீட்டிச் சொல்வது. மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

இரவு இஷா தொழுகை நேரத்துக்குப் பின் குளித்து உடை மாற்றி ஒரு மணி நேரம். முதலில் இஸ்திஃபார் 100. பிறகு ஸலவாத் 100. அடுத்து 15 நிமிடம் ஓர் ஓதலைக் கேட்பது, தமிழ் மொழிபெயர்ப்பைக் கண்ணால் தொடர்வது. கேட்பதை ஒரே ஸூராவாக (அத்தியாயமாக) வைத்துக்கொண்டால் மனதில் தங்கும். பிறகு கை ஏந்தி துஆ. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், இரண்டு நிமிடத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. பகலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். மவ்த்தானவர்கள் (இறந்தவர்கள்) பெயர்கள், கடன், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தேவை, மனத்தாங்கலாக இருக்கும் உறவு. தமிழில் கேளுங்கள்.

பிறகு தூங்கிவிட்டு, ஸஹருக்கு (விடியலுக்கு முந்திய சாப்பாட்டுக்கு) எழும் நேரத்துக்கு அரைமணி முன்னால் மறுபடி. எல்லோருக்கும் ஸஹர் செய்ய எப்படியும் எழத்தான் போகிறோம், அலாரத்தை 30 நிமிடம் முன்தள்ளினால் போதும். அந்த நேரத்துக்கு, ஆயிஷா நாயகி கேட்டு நபியவர்கள் கற்றுக்கொடுத்த துஆ: "அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ." இறைவா, நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறாய், என்னை மன்னித்துவிடு.

27ஆம் இரவு மட்டும் விழித்துவிட்டு மற்ற நான்கையும் விடுவது நம் ஊர்களில் ஊறிப்போன பழக்கம். 21, 23, 25, 27, 29 ஐந்திலும் தேடச் சொல்லித்தான் ஹதீஸ். ஹைளு நாட்கள் ஏழு என்றாலும் ஐந்து இரவும் அதற்குள் அடங்காது. ஒன்றாவது சுத்தத்தில் கிடைக்கும்.

மர்யம் நிழல்

குர்ஆனை ஓதவே கூடாது என்று சொல்லிவிட்டீர்களே லாத்தா? ஹைளுக்காரியும் குளிப்புக் கடமையானவரும் குர்ஆனில் எதையும் ஓதக்கூடாது என்று வரும் ஹதீஸ் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாலிக் மத்ஹபிலும் மனப்பாடமாக ஓத அனுமதி உண்டு. மனனம் செய்யும் பெண் பிள்ளைகள் மாதம் ஒரு வாரம் விட்டால் எல்லாம் மறந்துபோகும்.

உஸ்தாதா

ஹதீஸின் தரம் பற்றி நீங்கள் சொன்னது சரி. மாலிகி மத்ஹபின் நிலையும் அதுதான். ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டும் குர்ஆன் ஓதும் நிய்யத்தோடு ஓதுவதைத் தடுக்கின்றன. துஆ, திக்ருடைய நிய்யத்தோடு ஓதுவதைத் தடுப்பதில்லை. ஆயத்துல் குர்ஸியைப் பாதுகாப்புக்காக, "ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா" என்ற ஆயத்தை (வசனத்தை) துஆவாக, பகரா ஸூராவின் கடைசி ஆயத்திலுள்ள துஆக்களை துஆவாக ஓதலாம். சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொல்லித் தர ஹனஃபியில் வழி உண்டு. மனனப் பிள்ளைகள் நாக்கை அசைக்காமல் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு யாரிடமும் தடையில்லை.

உங்கள் ஆலிம் எதைச் சொன்னாரோ அதில் நில்லுங்கள். அடுத்தவள் ஓதினால் ஏன் ஓதுகிறாய் என்றும், ஓதாவிட்டால் ஏன் ஓதவில்லை என்றும் இந்த மாதத்தில் சண்டை வேண்டாம்.

கஞ்சிச்சட்டி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அஸரிலிருந்து மஃரிபு வரை நேரம் போவதற்குக் காரணம் கஞ்சி இல்லை, பொரிப்பதுதான். வடை, சமோசா, பஜ்ஜி மூன்றும் கடைசி 40 நிமிடத்தைச் சாப்பிட்டுவிடும். சூடாக இருக்க வேண்டும் என்று பாங்கு சொல்லும் வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்போம். நோன்பாளியின் துஆ மறுக்கப்படாத நேரம் அதுதானே.

வாரத்தில் மூன்று நாள் எண்ணெயில் பொரித்தது, நான்கு நாள் பழம், சுண்டல், கஞ்சி என்று பிரித்தாலே பாதி நேரம் மீளும். சமோசாவை மொத்தமாக மடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகு டப்பாவில் அடுக்குங்கள். பரப்பாமல் குவித்தால் கட்டியாகிப் பிரிக்கும்போது கிழியும். பொரிக்கும்போது வெளியே எடுத்து இளக வைக்காதீர்கள், ஈரம் கசிந்து எண்ணெய் தெறிக்கும். உறைந்தபடியே மிதமான சூட்டில் போடுங்கள். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே கருகி உள்ளே குளிர்ந்திருக்கும்.

கஞ்சி ஐந்து பேருக்கு: பச்சரிசி நொய் 200 கிராம், லேசாக வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல், கொத்துக்கறி 150 கிராம், வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஏலம், கைப்பிடி புதினா மல்லி. 5 லிட்டர் குக்கரில் தாளித்து, கறியை வதக்கி, 6 கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நான்கு விசில். தண்ணீரை முழுக்க ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். நொய்யும் பருப்பும் நுரைத்துப் பொங்கும், பாதிக்கு மேல் நிரம்பினால் விசில் வழியே கஞ்சி பீய்ச்சி அடிக்கும், ஆவித் துளையும் அடைபடும். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து 3 கப் வெந்நீர் விட்டுக் கடையுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப் கடைசியில், தீ அணைத்த பிறகு. கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். வைக்க வைக்க இறுகும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் நீர்க்கவே இறக்குங்கள்.

இதை லுஹர் (நண்பகல் தொழுகை) முடித்ததும் செய்து, சூடு தணிந்ததும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மஃரிபுக்கு 20 நிமிடம் முன்னால் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலைச் சேர்த்தால் போதும். பிறகு உட்காருங்கள்.

பிறைத்தேடி

உப்புப் பார்ப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். மாமியார் வீட்டில் உப்பு இல்லாத கஞ்சி என்றால் பேச்சு வரும்.

ஹனஃபி வீடு

நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தால் நோன்பு முறியாது. தேவையில்லாமல் செய்வதுதான் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). சமைப்பவளுக்கு அது தேவை. தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு போய்விடும், கவனம்.

கஞ்சிச்சட்டி

நான் சொன்ன அளவுக்குத் தூள் உப்பு இரண்டு தேக்கரண்டி, தட்டையாக வழித்தது. ஒரு தடவை அளந்து பிடித்துவிட்டால் முப்பது நாளும் ருசி பார்க்க வேண்டியதில்லை. குறைந்தால் மேசையில் போட்டுக்கொள்ளட்டும், கூடினால்தான் வழியில்லை.

கிண்டிக்கொண்டிருக்கும் நேரம் வீணில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நபியவர்களின் மகள் ஃபாத்திமா நாயகி திரிகை அரைத்துக் கை காய்த்துப்போய் பணியாள் கேட்டபோது, படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லச் சொன்னார்கள் நபியவர்கள். வேலையால் களைத்த கைக்குக் கொடுக்கப்பட்ட திக்ரு அது. மருதாணி வைத்த கையோ மாவு படிந்த கையோ, தஸ்பீஹ் மணி தேவையில்லை, விரல் கணுவில் எண்ணலாம்.

நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கு அவர் கூலியைப் போன்றதே உண்டு, அவர் கூலியில் எதுவும் குறையாது என்ற ஹதீஸும் இருக்கிறது. ஐந்து பேருக்குச் சமைத்தவள் அந்த நிய்யத்தை மனதில் வைத்திருந்தால், அந்த மாலை வெறும் அடுப்பு வேலையாகாது.

உஸ்தாதா

நேரம் சுருங்கிய பெண்ணுக்கு, நபியவர்களின் மனைவி ஜுவைரிய்யா நாயகியின் சம்பவம். ஸுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுத இடத்திலேயே முற்பகல் வரை திக்ரில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த நபியவர்கள், உன்னைப் பிரிந்த பிறகு நான்கு வாக்கியங்களை மூன்று தடவை சொன்னேன், இன்று நீ சொன்ன எல்லாவற்றோடும் நிறுத்தால் அவை கனக்கும் என்றார்கள். "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி அதத கல்கிஹி, வரிளா நஃப்ஸிஹி, வஸினத அர்ஷிஹி, வமிதாத கலிமாத்திஹி." மூன்று தடவை சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

தாய்சேய் நர்ஸ்

மருத்துவப் பக்கம் நான். ஹைளைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு ரமழானில் பலர் கடைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிட்டது என்று வாங்காதீர்கள். வழக்கமாக எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது. வயிறு இழுக்க ஆரம்பித்த பிறகு போட்டால் பெரும்பாலும் பலிக்காது. இரத்தக் கட்டி வந்த வரலாறு, ஈரல் நோய், கண் முன் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடவே கூடாது. நேரம் தவறினால் சொட்டுச் சொட்டாக இரத்தம் வரும், பிறகு அது ஹைளா இல்லையா என்று தெரியாமல் தொழுகைக்கும் நோன்புக்கும் சேர்த்துக் குழப்பம்.

பால் கொடுக்கும் தாய்மார்கள்: சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால், எழும்போது கண் இருட்டினால், குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தால் அன்று நோன்பை விடுங்கள். இரத்தச் சோகை உள்ளவர்கள் ஸஹரில் சாயா குடிக்க வேண்டாம், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. பேரீச்சம்பழம், முட்டை, ஒரு எலுமிச்சைத் துண்டு நல்லது.

உஸ்தாதா

மாத்திரை உடம்புக்குக் கெடுதியில்லை என்று மருத்துவர் சொன்னால் மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் அது சுன்னத்துமில்லை, சிறப்புமில்லை. நபியவர்களின் மனைவியருக்கும் ரமழானில் ஹைளு வந்தது.

பால் கொடுப்பவர், கர்ப்பிணி விட்ட நோன்பு: ஹனஃபியில் களா (பிறகு பிடித்து ஈடுசெய்வது) மட்டும். ஷாஃபிஈயில் தன் உடம்புக்குப் பயந்து விட்டால் களா மட்டும். பிள்ளைக்கு மட்டும் பயந்து விட்டால் களாவோடு ஒரு நாளைக்கு ஒரு முத்து ஃபித்யா (ஏழைக்குக் கொடுக்கும் உணவு), அதாவது நடுத்தரக் கையால் இரு கை சேர்த்து அள்ளும் அரிசி, 600 முதல் 750 கிராம்.

இரவில் கேட்கும் கேள்விகளுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஸுபுஹுக்கு முன் இரத்தம் நின்றுவிட்டால், ஷாஃபிஈயில் குளிக்க நேரமில்லாவிட்டாலும் நிய்யத் வைத்து நோன்பு பிடிக்கலாம், குளிப்பை ஸுபுஹு வந்த பிறகு முடித்துத் தொழுங்கள். குளிக்காததால் நோன்பை விடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அஸர் நேரத்தில் சுத்தமானால் ஷாஃபிஈயில் லுஹரும் அஸரும் தொழ வேண்டும், ஸுபுஹுக்கு முன் சுத்தமானால் மஃரிபும் இஷாவும். ஹனஃபியில் அந்த ஒரு நேரத் தொழுகை மட்டும். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் முன்னால் இரத்தம் வந்தால் அன்றைய நோன்பு போய்விட்டது, களா. வலி மட்டும் இருந்து பாங்குக்குப் பிறகு வந்தால் நோன்பு முழுமை.

நின்றதை எப்படி அறிவது என்றும் கேட்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் பஞ்சைச் சிறு டப்பாவில் வைத்து ஆயிஷா நாயகிக்கு அனுப்புவார்கள். அதில் மஞ்சள் இருந்தால், வெள்ளையைக் காணும் வரை அவசரப்படாதீர்கள் என்று பதில் வரும். உள்ளே வைத்த பஞ்சு வெளுப்பாகவோ உலர்ந்தோ வந்தால் சுத்தம்.

மர்யம் நிழல்

அதிகாலைக் குளிப்பில் பின்னலை அவிழ்க்க வேண்டுமா?

உஸ்தாதா

தண்ணீர் முடியின் அடிக்கும் உட்பக்கத்துக்கும் போனால் அவிழ்க்க வேண்டாம். இறுகப் பின்னி உள்ளே போகவில்லை என்றால் ஷாஃபிஈயில் அவிழ்த்தே ஆக வேண்டும். நகத்தில் காய்ந்த கோதுமை மாவையும் நகப்பூச்சையும் எடுத்துவிட்டுக் குளியுங்கள். ரமழானில் மாவு பிசையும் கைக்கு இது அடிக்கடி நேர்வது.

பிறைத்தேடி

ஜஸாக்குமுல்லாஹு கைரா. கடைசியாகக் களா பற்றி. எண்ணிக்கை மறந்துபோய் வருடக்கணக்கில் சேர்ந்துவிட்டவர்கள் நிறைய.

ஹனஃபி வீடு

விட்ட நாளன்றே அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய நாட்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். ஆயிஷா நாயகியே தன் களாவை அடுத்த ஷஃபானில்தான் முடிக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் தாமதமானதற்காக மனம் உடைய வேண்டாம். சேர்ந்துபோன எண்ணிக்கை தெரியாதவர்கள் குறையாது என்று மனம் உறுதியாக நம்பும் எண்ணைப் பிடியுங்கள். பகல் குறுகிய கார்த்திகை, மார்கழி மாதங்கள் நம் பகுதியில் களாவுக்கு எளிது.

உஸ்தாதா

ஷாஃபிஈயில் காரணமில்லாமல் அடுத்த ரமழான் வரை தள்ளினால் களாவோடு நாளுக்கு ஒரு முத்தும் சேரும். ஹனஃபியில் களா மட்டும். பிள்ளைப்பேறு, பாலூட்டல் என்று தொடர்ச்சியாகக் காரணம் இருந்தால் தாமதத்துக்கு ஃபித்யா இல்லை.

ரமழான் நோன்புக்கு முற்பகல் வரை நிய்யத் வைக்க ஹனஃபியில் இடமுண்டு. களாவுக்கு அப்படி இல்லை. இரண்டு மத்ஹபிலும் ஸுபுஹுக்கு முன்பே நிய்யத் வேண்டும். காலையில் எழுந்து, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லையே, இன்றைக்கு ஒரு களாவை முடிப்போம் என்று பிடித்தால் அது நஃபிலாகத்தான் (கூடுதல் நோன்பாகத்தான்) போகும், கணக்கில் குறையாது. முந்தின இரவு படுக்கும்போதே "நாளை ரமழானின் களா நோன்பு" என்று மனதில் உறுதி செய்துவிட்டுப் படுங்கள்.